நாட்பட்ட அழற்சி நோயுள்ள குழந்தைகளின் எலும்பு வளர்ச்சியும் உயிரியல் மருந்துகளும்

உயிரியல் மருந்துகள் என்பவை உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கப்படும் புரத மருந்துகள் ஆகும். சிறார் மூட்டழற்சி, குரோன் நோய் போன்ற நாட்பட்ட அழற்சி நோய்களுக்காக இவை 1990களின் இறுதியிலிருந்து குழந்தைகளுக்கும் கொடுக்கப்பட்டு வருகின்றன. மூட்டு வீக்கத்தையும் குடல் புண்ணையும் ஆற்றுவதற்காக வந்த இம்மருந்துகள், அந்நோய்களால் தடைபட்டிருந்த உயர வளர்ச்சியையும் பல குழந்தைகளில் மீட்டுத் தந்துள்ளன. ஆனால் இவை உயரத்தைக் கூட்டும் மருந்துகள் அல்ல. அழற்சியை அடக்குவதன் மூலமும், ஸ்டீராய்டின் தேவையைக் குறைப்பதன் மூலமுமே எலும்பு வளர்வதற்கு வழிவிடுகின்றன. அந்த வழி திறந்திருக்கும் காலமும் வரையறைக்கு உட்பட்டது. எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு எந்த மருந்தாலும் இழந்த உயரத்தைத் திரும்பப் பெற முடியாது.

எலும்பு நீளும் விதம்

குழந்தையின் எலும்பு நடுவில் இழுபட்டு நீள்வதில்லை. கை, கால்களின் நீண்ட எலும்புகளில், முனைகளை ஒட்டி மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்று உள்ளது. இதுவே வளர்ச்சித் தட்டு. எக்ஸ்-கதிர்ப் படத்தில் இது எலும்பின் முனையருகே கருங்கோடாகத் தெரியும். பெற்றோர் சிலர் அதை எலும்பு முறிவு என்று எண்ணிப் பதறுவதும் உண்டு. முழு வளர்ச்சி அடைந்தவரின் படத்தில் அந்தக் கோடு இராது.

வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்புச் செல்கள் மூன்று அடுக்குகளாக உள்ளன. முதல் அடுக்கில் இருப்பவை ஓய்வு நிலைச் செல்கள். இவை சேமிப்பு போன்றவை. அவற்றிலிருந்து வரும் செல்கள் இரண்டாம் அடுக்கில் வேகமாகப் பிரிந்து, அடுக்கி வைத்த நாணயங்களைப் போலத் தூண் தூணாக நிற்கின்றன. மூன்றாம் அடுக்கில் அதே செல்கள் பிரிவதை நிறுத்திப் பல மடங்கு பருக்கின்றன. எலும்பு நீள்வதில் பெரும் பங்கு இந்தப் பருத்தலுக்கு உண்டு. பின்னர் இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்து, குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பு உருவாகிறது.

முதல் ஆண்டில் குழந்தை ஏறத்தாழ 25 செ.மீ. வளர்கிறது. நான்கு வயதிலிருந்து பூப்புப் பருவம் வரை வளர்ச்சி ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. அளவில் சீராக நடக்கிறது. பூப்புப் பருவத்தில் மீண்டும் வேகம் எடுத்து, பின் ஓய்கிறது. பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதிலும், ஆண் குழந்தைகளுக்கு 16, 17 வயதிலும் தட்டுகள் மூடுகின்றன. இரு பாலரிலும் தட்டை மூடச் செய்வது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனே. ஆண்களின் உடலிலும் அது சிறிதளவு சுரக்கிறது என்பதைப் பல மாணவர்கள் அறிந்திருப்பதில்லை.

தட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தலைமைச் சங்கிலி ஒன்று உண்டு. பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அது கல்லீரலுக்குச் சென்று, ஐ.ஜி.எஃப்-1 எனப்படும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியை உருவாக்கச் செய்கிறது. ஐ.ஜி.எஃப்-1 வளர்ச்சித் தட்டை அடைந்து செல்களைப் பிரியவும் பருக்கவும் தூண்டுகிறது. தட்டிலேயே ஓரளவு ஐ.ஜி.எஃப்-1 உருவாவதும் உண்டு. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தாலும் உயரம் குறையும்.

அழற்சி வளர்ச்சியைத் தடுப்பது எப்படி

நோயுற்ற குழந்தை சரியாக உண்பதில்லை, அதனால் வளர்வதில்லை என்பது பொதுவான எண்ணம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே.

இலண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில், குழந்தைகளுக்கு வரும் ஒருவகை நாட்பட்ட மூட்டு நோயை 1897இல் விவரித்தார். காய்ச்சல், நெறிக்கட்டு, மண்ணீரல் வீக்கம் ஆகியவற்றோடு வந்த அந்நோய் பின்னாளில் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. இன்று அது உடல்தழுவிய சிறார் மூட்டழற்சி எனப்படுகிறது. அக்குழந்தைகள் தம் வயதைவிட மிகச் சிறியவர்களாகத் தோற்றமளிப்பதையும் ஸ்டில் குறித்து வைத்தார். ஸ்டீராய்டு மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு அது. ஆகவே வளர்ச்சி குன்றியதற்கு மருந்தைக் காரணம் சொல்ல முடியாது. நோயே தடுத்தது.

அழற்சியின்போது நோயெதிர்ப்புச் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். அவற்றுள் வளர்ச்சியைப் பாதிப்பவை முக்கியமாக மூன்று: இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். கிருமி வந்தால் சில நாட்கள் சுரந்து அடங்க வேண்டிய இவை, நாட்பட்ட அழற்சியில் மாதக்கணக்கில் இரத்தத்தில் உலவுகின்றன.

இன்டர்லூக்கின்-6 தலைமைச் சங்கிலியைத் தாக்குகிறது. இத்தாலிய மருத்துவர் ஃபாப்ரிசியோ டி பெனடெட்டியும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பிறவியிலிருந்தே இன்டர்லூக்கின்-6 மிகுதியாகச் சுரக்கும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகள், உடன்பிறந்த இயல்பான எலிகளின் அளவில் 50 முதல் 70 விழுக்காடு மட்டுமே வளர்ந்தன. அவற்றில் வளர்ச்சி ஹார்மோன் குறையவில்லை, ஐ.ஜி.எஃப்-1 தான் குறைந்திருந்தது. நோயுற்ற குழந்தைகளின் இரத்தத்திலும் பெரும்பாலும் இதே நிலைதான். சுரப்பி ஆணையிடுகிறது, கல்லீரல் அதற்குப் பணிவதில்லை. மருத்துவர்கள் இதை வளர்ச்சி ஹார்மோன் எதிர்ப்பு நிலை என்பர்.

டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-1 ஆகிய இரண்டும் வளர்ச்சித் தட்டையே நேரடியாகத் தாக்குகின்றன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எலிக் கருவின் பாத எலும்புகளைத் தனியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தனர். இவ்விரு சைட்டோகைன்களையும் சேர்த்து ஊற்றியபோது எலும்பு நீள்வது தடைபட்டது. செல்கள் பிரிவது குறைந்து, இறப்பது கூடியது. அங்கே பசியும் இல்லை, குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. உணவுக் குறைவு மட்டுமே காரணம் என்ற வாதத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது.

இவற்றோடு உணவின் பங்கும் சேர்கிறது. அதே சைட்டோகைன்கள் பசியைக் கெடுக்கின்றன. குரோன் நோயில் சிறுகுடல் புண்ணாகி ஊட்டப்பொருள்களை உறிஞ்ச இயலாமல் போகிறது. உண்டால் வயிறு வலிக்கும் என்று அஞ்சியே உணவைத் தவிர்க்கும் குழந்தைகளும் உண்டு. பூப்பெய்துவதும் தள்ளிப்போகிறது. குரோன் நோயுள்ள சில குழந்தைகளில் வயிற்றுப்போக்கு தொடங்குவதற்கு முன்பே உயரம் தேங்கத் தொடங்கிவிடும். அப்போது வளர்ச்சிக் குறைவே நோயின் முதல் அறிகுறி ஆகிறது.

ஒரு கால் மட்டும் நீளும் விந்தை

இங்கே ஒரு முரண் உண்டு. சில மூட்டுகளை மட்டும் பாதிக்கும் சிறார் மூட்டழற்சியில் அடிக்கடி வீங்குவது முழங்கால். காலின் நீள வளர்ச்சியில் பாதிக்கு மேல் முழங்காலைச் சுற்றியுள்ள இரு தட்டுகளிலேயே நடக்கிறது. ஒரு முழங்காலில் மட்டும் அழற்சி இருந்தால், அங்கே இரத்த ஓட்டம் மிகுந்து, அந்தத் தட்டுகள் இயல்பைவிட வேகமாக வளர்கின்றன. நோயுற்ற கால் மற்றதைவிட நீண்டுவிடுகிறது. சிறு வயதில் நோய் தொடங்கும் குழந்தைகளில் இது மிகுதி. ஏறத்தாழ ஒன்பது வயதிற்குப் பிறகு தொடங்கினால் விளைவு தலைகீழாகலாம்: தூண்டப்பட்ட தட்டு விரைவில் மூடி, அந்தக் கால் குட்டையாக நின்றுவிடும்.

உடல் முழுதும் பரவிய அழற்சி குழந்தையின் உயரத்தைக் குறைக்கிறது. ஒரு மூட்டின் அழற்சியோ அந்தக் காலை நீட்டுகிறது. கீழ்த்தாடை மூட்டில் வரும் அழற்சி தாடை வளர்ச்சியைத் தடுத்து முகவாயைச் சிறிதாக்குகிறது. தாடையின் வளர்ச்சிப் பகுதி மூட்டின் பரப்பை ஒட்டியே இருப்பதுதான் காரணம். அங்கே வலி தெரியாமலேயே சேதம் நடப்பதால், வாயைத் திறக்கும் அளவு குறைகிறதா என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் பார்ப்பது வழக்கம்.

ஸ்டீராய்டின் பங்கு

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் 1948இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைகளுக்கும் அம்மருந்து தரப்பட்டது. காய்ச்சல் அடங்கியது; வீக்கம் வடிந்தது; ஆனால் வளர்ச்சி நின்றது.

ஸ்டீராய்டு பல வழிகளில் எலும்பைப் பாதிக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதைக் குறைக்கிறது. தட்டில் செல்கள் பிரிவதைத் தடுத்து அவற்றை இறக்கச் செய்கிறது. எலும்பைக் கட்டும் செல்களை ஒடுக்குகிறது. குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. நெடுநாள் உட்கொள்ளும் குழந்தைகளில் முதுகெலும்புக் கண்டங்கள் நசுங்குவதும் உண்டு. இதனால் மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஓர் இக்கட்டில் இருந்தனர். ஸ்டீராய்டைக் கொடுத்தால் மருந்து வளர்ச்சியைத் தடுக்கும். கொடுக்காவிட்டால் நோய் தடுக்கும். வாராந்தர மெத்தோட்ரெக்சேட் இந்த இக்கட்டை ஓரளவு தளர்த்தியது. சிறார் மூட்டழற்சியில் அதன் பயனைக் காட்டிய முக்கிய ஆய்வு 1992இல் வெளிவந்தது. குரோன் நோயில், 6 முதல் 8 வாரங்களுக்கு வேறு உணவின்றி முழுச் சத்துத் திரவ உணவை மட்டுமே கொடுக்கும் முறை, ஸ்டீராய்டுக்கு மாற்றாகக் குழந்தைகளில் நல்ல பலன் தருகிறது. மருந்தே இல்லாத இந்த முறை இன்னும் முதல் வரிசையில் இருப்பதைக் குறிப்பிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பெற்றோர் தாமாக ஸ்டீராய்டை நிறுத்திவிடக் கூடாது. நெடுநாள் உட்கொண்டபின் திடீரென நிறுத்தினால், உடலின் சொந்தக் கார்ட்டிசால் சுரப்பு உடனே எழும்பாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் படிப்படியாகவே குறைப்பார்.

உயிரியல் மருந்துகள்

ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் 1975இல் கேம்பிரிட்ஜில் ஒரே வகை பிறபொருளெதிரியைத் தேவையான அளவு உற்பத்தி செய்யும் முறையைக் கண்டனர். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் மருந்தைச் செய்ய முடியும் என்ற நிலை அதனால் வந்தது. இலண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992இல் டி.என்.எஃப்-ஐப் பிடிக்கும் பிறபொருளெதிரியை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பலன் கிடைத்தது. அந்தப் பிறபொருளெதிரியே பின்னர் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தாயிற்று.

பெயர்களைக் கண்டு மாணவர்கள் மலைக்க வேண்டியதில்லை. அவற்றில் ஓர் ஒழுங்கு உண்டு. ‘மாப்’ என்று முடிந்தால் அது பிறபொருளெதிரி. பழைய பெயரிடல் விதிப்படி, அதற்கு முன் ‘ஸி’ வந்தால் ஒரு பகுதி எலியிலிருந்தும் மறு பகுதி மனிதரிலிருந்தும் பெறப்பட்டது. ‘சு’ வந்தால் பெரும்பாலும் மனிதப் புரதம். ‘மு’ வந்தால் முழுவதும் மனிதப் புரதம். இன்ஃப்ளிக்ஸிமாப், டோசிலிசுமாப், அடாலிமுமாப் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் புரியும். ‘செப்ட்’ என்று முடிந்தால் அது ஏற்பி போன்ற ஒரு புரதத்தின் பகுதியைக் கொண்டு செய்த மருந்து. எட்டானெர்செப்ட் இப்படிப்பட்டது. டி.என்.எஃப் செல்லில் சென்று ஒட்டுவதற்கு முன்பே, போலி ஏற்பியாக நின்று அதைப் பிடித்துக்கொள்கிறது.

இவையெல்லாம் புரதங்கள். வாய்வழி உட்கொண்டால் இரைப்பையும் குடலும் அவற்றைச் செரித்துவிடும். ஆகவே தோலுக்கடியில் ஊசியாகவோ, இரத்தக் குழாய் வழியாகச் சொட்டு சொட்டாகவோதான் ஏற்ற முடியும்.

எட்டானெர்செப்ட் மருந்தைச் சிறார் மூட்டழற்சிக்குப் பயன்படுத்த 1999இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. குழந்தைகளின் குரோன் நோய்க்கு இன்ஃப்ளிக்ஸிமாப் 2006இல் ஒப்புதல் பெற்றது. ஒசாக்கா பல்கலைக்கழகத்தின் தடமிட்சு கிஷிமோட்டோவின் இன்டர்லூக்கின்-6 ஆய்வுகளிலிருந்து பிறந்த டோசிலிசுமாப், உடல்தழுவிய சிறார் மூட்டழற்சிக்கு ஜப்பானில் 2008இலும் அமெரிக்காவில் 2011இலும் அனுமதிக்கப்பட்டது. இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் கனாகினுமாப் 2013இல் அந்நோய்க்கு வந்தது.

வளர்ச்சியில் கண்ட பலன்

1997இல் எலிகளில் கண்ட உண்மை குழந்தைகளிலும் நிலைக்குமா என்பதற்கு விடை பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அதே டி பெனடெட்டியின் குழு, டோசிலிசுமாப் பெற்ற உடல்தழுவிய மூட்டழற்சிக் குழந்தைகளின் உயரத்தைத் தொடர்ந்து அளந்து 2015இல் வெளியிட்டது. சிகிச்சை தொடங்கும்போது அவர்கள் சராசரியில் வயதுக்குரிய உயரத்தைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தனர். சிகிச்சையின் பின் பலர் இயல்பைவிட வேகமாக வளர்ந்தனர், இரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 அளவும் உயர்ந்தது. கல்லீரல் மீண்டும் ஆணைக்குப் பணியத் தொடங்கியது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

குரோன் நோயில் இன்ஃப்ளிக்ஸிமாப் ஆய்வு 112 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளிவந்தது. அதில் எலும்பு வயது ஓராண்டாவது பின்தங்கியிருந்த குழந்தைகளின் உயரம், 30ஆம் வாரத்திலும் 54ஆம் வாரத்திலும் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தது. எலும்பு வயது பின்தங்கியிருப்பது கேட்பதற்குக் குறைபோல் தோன்றும். உண்மையில் அது கையிருப்பு. தட்டு மூட இன்னும் காலம் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

நோய் அடங்கியபின் குழந்தை இயல்பைவிட வேகமாக வளர்ந்து இழந்ததை ஈடுகட்டுவதை ஈட்டு வளர்ச்சி எனலாம். பிரேடர், டேனர், ஃபான் ஹார்னாக் ஆகியோர் 1963இல் இதை விவரித்தனர். குழந்தையின் மூளை தன் உயர இலக்கை அறிந்து விரட்டுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவில் ஜெஃப்ரி பேரனின் குழு 1994இல் ஒரு முயலின் ஒரு காலில் உள்ள வளர்ச்சித் தட்டில் மட்டும் ஸ்டீராய்டைச் செலுத்தியது. அந்தத் தட்டு மட்டும் மெதுவானது. மருந்தை நிறுத்தியதும் அது மட்டும் வேகமெடுத்தது. ஈட்டு வளர்ச்சியின் விசை தட்டிலேயே இருக்கிறது. வளராமல் இருந்த காலத்தில் ஓய்வு நிலைச் செல்கள் செலவாகாமல் சேமிக்கப்படுகின்றன. தடை நீங்கியதும் அந்தச் சேமிப்பு செலவாகிறது. தட்டு முதுமையடைவது வயதால் அன்று, செல் பிரிவுகளின் எண்ணிக்கையால்.

ஆனால் பூப்புப் பருவம் முன்னேறி ஈஸ்ட்ரோஜன் உயர்ந்ததும் இந்தச் சேமிப்புக்குப் பயனில்லாமல் போகிறது. எனவே ஒன்பது வயதில் அழற்சி அடங்கிய குழந்தைக்கும், பதினைந்து வயதில் அடங்கிய குழந்தைக்கும் ஒரே மருந்து ஒரே உயரத்தைத் தராது. சில ஆண்டுகள் ஸ்டீராய்டிலேயே கழித்து, கடைசி மருந்தாக உயிரியல் மருந்துக்கு வரும் பழைய முறையை இன்றைய குழந்தை மூட்டியல் மருத்துவர்கள் பலர் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உடல்தழுவிய மூட்டழற்சியில் இன்டர்லூக்கின் தடுப்பு மருந்தை முன்னதாகவே தொடங்கும் போக்கு வளர்ந்துள்ளது.

பலன் எல்லாருக்கும் ஒரே அளவாக இல்லை. வீக்கம் நன்கு அடங்கியவர்கள் வளர்கிறார்கள். அரைகுறையாக அடங்கியவர்கள் அவ்வளவு வளர்வதில்லை. ஏற்கெனவே சிதைந்த தட்டையோ, முன்கூட்டியே மூடிய தட்டையோ, சிறுத்துவிட்ட தாடையையோ இம்மருந்துகள் திருப்பித் தருவதில்லை. நோய் அடங்கியும் உயரம் எழாத சில குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் கொடுத்துப் பார்க்கப்பட்டுள்ளது. ஸ்டீராய்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் அது ஓரளவு உதவியது.

உயரத்தை அளக்கும் முறை

பள்ளிகளில் ஆண்டுதோறும் உயரமும் எடையும் அளந்து பதிவேட்டில் எழுதுவது வழக்கம். எழுதியதோடு பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் பார்த்ததில்லை. ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவனின் உயரம் எட்டு வயதில் 118 செ.மீ., ஒன்பதில் 123.5, பத்தில் 126, பதினொன்றில் 128 என்று கொள்வோம். எந்த ஓர் ஆண்டின் எண்ணைத் தனியே பார்த்தாலும் ‘கொஞ்சம் குட்டை’ என்று கடந்து போய்விடுவோம். கழித்துப் பார்த்தால் 5.5, 2.5, 2 என்று வருகிறது. ஒன்பது வயதிற்குப் பிறகு ஏதோ நடந்திருக்கிறது. பூப்புக்கு முன் ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக வளரும் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வழிபாட்டுக் கூட்டத்தில் உயர வரிசையில் ஒரு பிள்ளை ஆண்டுக்காண்டு முன்னே நகர்ந்துகொண்டே வந்தால் அதுவும் ஓர் அளவுகோல்தான்.

காலணி இல்லாமல், குதிகாலும் பின்தலையும் சுவரைத் தொட நிறுத்தி அளக்க வேண்டும். மாலையில் முதுகெலும்பு சற்று அழுந்துவதால் உயரம் ஓரளவு குறையும். எனவே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. வளர்ச்சி வேகத்தைக் கணிக்க இரு அளவுகளுக்கிடையே ஆறு மாதமாவது இருக்க வேண்டும்.

பெற்றோரின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருவர் உயரத்தின் சராசரியோடு மகனுக்கு 6.5 செ.மீ. கூட்ட வேண்டும், மகளுக்கு 6.5 செ.மீ. கழிக்க வேண்டும். தந்தை 168, தாய் 154 என்றால் சராசரி 161. மகனின் இலக்கு ஏறத்தாழ 167.5, மகளின் இலக்கு 154.5. எலும்பு வயதை அறிய இடது கை, மணிக்கட்டின் எக்ஸ்-கதிர்ப் படத்தை எடுத்து, கிரூலிக்-பைல் படத்தொகுப்போடு ஒப்பிடுவர்.

எலும்பின் உறுதி

நீளம் வேறு, உறுதி வேறு. டி.என்.எஃப் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுவதால், அழற்சியுள்ள குழந்தையின் எலும்பு மெலிகிறது. இளமையில் சேர்க்க வேண்டிய தாதுக்களைச் சேர்க்காவிட்டால் முதுமையில் அதன் விளைவு தெரியும். உயிரியல் மருந்து அழற்சியைத் தணிக்கும்போது இந்தக் கரைப்பும் தணிகிறது. ஆனால் கால்சியமும் வைட்டமின் டி-யும் உணவில் இல்லாவிட்டால் மருந்து எதைக் கொண்டு கட்டும்? வலி குறைந்ததும் குழந்தை ஓடியாடி விளையாடுவது அதே அளவு தேவை. தசை இழுக்கும் இடத்தில்தான் எலும்பு வலுக்கிறது. வீக்கம் அடங்கிய பிறகும் பயந்து வீட்டில் உட்கார வைப்பது தவறு.

அடர்த்தியை அளக்கும் டெக்ஸா சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. குட்டையான குழந்தையின் சிறிய எலும்பை அது உள்ளதைவிட அடர்த்தி குறைந்ததாகக் காட்டிவிடும். எனவே முடிவை வயதோடு மட்டுமன்றி உயரத்தோடும் ஒப்பிட வேண்டும்.

ஆபத்துகளும் முன்சோதனைகளும்

சைட்டோகைன்கள் வீணாக உடலில் இல்லை. கிருமிகளை எதிர்ப்பது அவற்றின் வேலை. டி.என்.எஃப் நுரையீரலில் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்களால் அரண் கட்டி அடைத்து வைக்க உதவுகிறது. அதைத் தடுத்தால் அரண் தளர்ந்து, உறங்கிக் கிடந்த காசநோய் எழக்கூடும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். ஆகவே இங்கே இந்தச் சோதனையை யாரும் சடங்காகக் கருதக் கூடாது. தோல் சோதனை அல்லது இரத்தச் சோதனை, மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் ஆகியவற்றுடன், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைந்த காசநோய் இருந்தால் முதலில் அதற்குத் தடுப்பு மருந்து தொடங்கப்படும்.

கல்லீரல் அழற்சி பி சோதனையும் செய்யப்படுகிறது. தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகள், வாய்வழிப் போலியோ மருந்து போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைச் சிகிச்சையின்போது பொதுவாகத் தவிர்ப்பர். தேவையானவற்றை முன்பே போட்டுக்கொள்வது நல்லது. மற்றத் தடுப்பூசிகளைப் போடலாம். டோசிலிசுமாப் பெறும் குழந்தைக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சலும் சி.ஆர்.பி. என்ற இரத்த அளவும் உயராமல் இருக்கலாம். காய்ச்சல் இல்லை என்று மட்டும் பார்த்து நிம்மதி கொள்ளக் கூடாது. குழந்தை சோர்ந்திருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். டி.என்.எஃப் தடுப்பு மருந்துகளைப் பெற்ற குழந்தைகளில் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை 2009இல் அமெரிக்க நிர்வாகம் மருந்துச் சீட்டில் சேர்த்தது. மருத்துவர் நன்மை தீமைகளை விளக்கும்போது இதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.

விலையும் மாற்று மருந்துகளும்

புரத மருந்தை வேதியியல் மருந்துபோல் எளிதில் நகலெடுக்க முடியாது. செல்களை வளர்த்து, பிரித்து, தூய்மையாக்க வேண்டும். விலை உயர்வுக்கு அது ஒரு காரணம். மூல மருந்தை ஒத்த உயிரொப்பு மருந்துகள் வந்தபின் விலை இறங்கியது. அடாலிமுமாபின் முதல் உயிரொப்பு மருந்தை 2014 டிசம்பரில் இந்திய நிறுவனமான சைடஸ் கடிலா வெளியிட்டது. அப்படியிருந்தும், பல மாதங்கள் தொடர்ந்து வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கும் சுமையே. பணம் இல்லாமல் இடையில் நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, சில மருந்துகளுக்கு எதிராக உடலே பிறபொருளெதிரி உருவாக்கி, மறுமுறை தொடங்கும்போது மருந்து வேலை செய்யாமல் போகலாம். இன்ஃப்ளிக்ஸிமாபில் இது அதிகம். தொடங்குவதற்கு முன்பே எத்தனை மாதங்களுக்குச் செலவைத் தாங்க முடியும், எந்தக் காப்பீடு உதவும் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

அண்மையில் மாத்திரை வடிவிலும் மருந்துகள் வந்துள்ளன. டோஃபாசிட்டினிப் 2020இல் சிறார் மூட்டழற்சிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது உயிரியல் மருந்து அன்று. செல்லுக்குள் சைட்டோகைன்களின் செய்தியைக் கடத்தும் ஜாக் என்னும் நொதிகளைத் தடுக்கும் சிறு மூலக்கூறு. வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியும் தன் செய்தியை ஜாக்-2 என்ற நொதி வழியாகவே அனுப்புகிறது. டோஃபாசிட்டினிப் முக்கியமாகத் தடுப்பது ஜாக்-1, ஜாக்-3 ஆகியவற்றை. இருந்தாலும் இவ்வகை மாத்திரைகளைப் பெறும் குழந்தைகளின் உயரத்தையும் எலும்பு வயதையும் ஒவ்வொரு வருகையிலும் குறித்து வருகின்றனர்.